எழுவாய்

பணிப்பகிஷ்கரிப்பு மூன்றாம் நாள்.
மாநகர சபை வாசலில் பதினேழு உழவு இயந்திரங்கள்
பெட்டி வெறுமையாக நிற்கின்றன.
கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்காரர்
மூக்கைப் பொத்திய குரலில் எனக்குத் தொலைபேசி எடுக்கிறார்.
எனக்கு ஏன்?
நான் முகாமைத்துவ உதவியாளர், தரம் மூன்று.

மேல்மாடிக் கூட்ட அறை.
மேசைக்கு அந்தப்புறம் ஆணையாளர், கணக்காளர்,
நிர்வாக உத்தியோகத்தர்.
இந்தப்புறம் ஐந்து பேர்.
ஒடுங்கின பக்கத்தில், குறிப்புக் கொப்பியோடு நான்.

தேநீர் வந்தது.
அந்தப்புறம் பீங்கான் கோப்பை,
இந்தப்புறம் கடதாசிக் குவளை.
எனக்கும் பீங்கான்தான்.
அதை நான் குறிக்கவில்லை.

இருதயமலர் சொப்பிங் பையிலிருந்து
கடிதங்களை எடுத்து அடுக்கினார்.
பதினொரு வருடம், ஆறு ஆணையாளர்,
பதினான்கு பதில்.
பதினான்கையும் தட்டச்சு செய்தவள் நான்;
கீழ்மூலையில் என் முதலெழுத்துகள்.
அவருக்கு அது தெரியும். என்னைப் பார்க்கவில்லை.

“அமயம், அமயம் எண்டுறியள்.
வாய்க்கால் அமயத்துக்கோ அடைக்குது?
கல்லுண்டாயில எரியிற புகை
சம்பளம் இல்லாத ஞாயிறிலையும் வருகுதே சேர்.”

கணக்காளர் சுற்றறிக்கை இலக்கம் சொன்னார்.
ஆளணி என்றார். திறைசேரி என்றார். கொழும்பு என்றார்.
“கொழும்புக்கு இரவு பஸ் ஓடுதுதானே” என்றார் யோகசீலன்.
யாரோ சிரித்தார்கள். அந்தப்புறம்தான் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு
ஆணையாளர் கண்ணாடியைக் கழற்றிச் சொன்னார்,
நான் எழுதினேன்:
கோரிக்கை சாதகமாகப் பரிசீலிக்கப்படும்.
பேனைக்குப் பழகிய தடம்.
நானில்லாமலே போய்வரும்.

“ஒருக்கா வாசியுங்கோ, தங்கச்சி.”
வாசித்தேன்.
“ஆர் பரிசீலிக்கிறது?”

மின்விசிறி சுற்றியது.

“மழை பெய்யும் எண்டிற மாதிரி எழுதி வச்சிருக்கிறியள்.
குப்பை அள்ளப்படும் எண்டு
நாங்களும் ஒரு துண்டு எழுதித் தரட்டோ?
அள்ளுறதுக்கு ஆள் வேணும்.
எங்களுக்குப் பேர் இருக்கு.
உங்களுக்கும் இருக்குத்தானே சேர், அதைப் போடுங்கோ.”

தோன்றா எழுவாய்,
ஏழாம் வகுப்பில் படித்தது.
பரீட்சைக்கு வந்தது, சரியாக எழுதினேன்.
பிறகு பதினொரு வருடமாக
அதற்குத்தான் வேலை பார்த்திருக்கிறேன்.

‘எம்மால்’ என்று போடலாம் என்றார் ஆணையாளர்.
அந்த ‘எம்’மில் எத்தனை பேர் என்று கேட்டார்கள்.
‘நிர்வாகத்தால்’ என்றார்.
நிர்வாகம் போன மாதம் மாறினதே என்றார்கள்.
இரண்டரை மணி. ஒருவரும் சாப்பிடவில்லை.
கடைசியில் ‘நான்’ வந்தது.
‘நான்’ வந்தபிறகு
திகதி வராமல் போகவில்லை.

ஆனால் அதற்கு விலை இருந்தது.
எட்டு மாத மேலதிக நேர நிலுவையை விட்டார்கள்.
யோகசீலன் கதிரையைத் தள்ளிவிட்டு
ஜன்னலடிக்குப் போய் நின்றார்,
முதுகு மட்டும் தெரிந்தது.
அவர் திரும்பி வந்து உட்காரும்வரை
இருதயமலர் பேனையைத் தொடவில்லை.
ஆணையாளர் இரண்டு தரம் மணிக்கூடு பார்த்தார்.

நாலரைக்கு அறைக்கு வந்து தட்டச்சில் இருந்தேன்:
ஆணையாளராகிய நான்
இத்துடன் இணைக்கப்பட்டுள்ளவர்களின் பெயர்களை
மார்ச் முப்பத்தொன்றுக்கு முன்
நிரந்தர நியமனத்துக்குச் சிபாரிசு செய்து
மாகாணத்துக்கு அனுப்புவேன்.

அனுப்புவேன், அவ்வளவுதான்.
நியமனம் இல்லை.
படியிறங்கிப் போன ஐவருக்கும் அது தெரியும்.

இணைப்பு.
இதுவரை ‘அமயத் தொழிலாளர் 142’ என்று
ஒரு வரியில் முடித்திருக்கிறேன்.
இன்றைக்குப் பெயர் பெயராக.
சந்தியாப்பிள்ளை இருதயமலர்.
கதிரன் யோகசீலன்.
மாரிமுத்து தவநிதி. மாரிமுத்து தவராணி,
அக்கா தங்கையாக இருக்கவேண்டும்.
ஆறு பக்கம் வந்தது.

கீழ்மூலையில் என் முழுப்பெயரை அடித்தேன்.
அழித்தேன். முதலெழுத்துப் போதும்,
இது அவர்களுடைய தாள்.

அச்சுப்பொறி நாலாம் பக்கத்தில் நின்றது.
தாள் இல்லை.
அலுமாரி திறந்து
புதுக் கட்டொன்றை உடைத்தேன்.